கொலு விளக்கைக் கேட்டபோது மோட்டார் ஓடிய விஜயதசமி

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடங்கள் தயங்கியிருக்கிறேன். ஒவ்வொரு நவராத்திரிக்கும் பேனாவை எடுப்பேன். மாப்பிள்ளையின் மரியாதை என்ன ஆவது என்று தோன்றும். மூடி வைத்துவிடுவேன். இன்னொரு தயக்கம், நான் படித்தது ஒன்பதாம் வகுப்பு வரைக்கும்தான். (அதிலும் கணக்கு வாத்தியார் என் விடைத்தாளைத் திருத்தும்முன் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துக்கொள்வார்.) தி.நகரில் பாத்திரக் கடை வைத்துப் பிழைத்தவன் கம்ப்யூட்டரைப் பற்றி எழுதினால் யார் நம்புவார்கள்? போன மாதம் மாப்பிள்ளையே, "எழுதுங்க மாமா, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். எனவே அம்பாளை வேண்டிக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்பக்கம் ஒரு சந்தில் எங்கள் வீடு. என் ஒரே மகள் வள்ளியைச் சேகருக்குக் கட்டிக்கொடுத்து வருடம் திரும்பவில்லை. இருவரும் எங்களோடுதான் இருந்தார்கள். சேகர் ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தார். தொழிற்சாலை இயந்திரங்களை ஓரிடத்தில் உட்கார்ந்தபடியே ஓடவிடவும் நிறுத்தவும் உதவும் கன்ட்ரோல் பெட்டிகளை அங்கே செய்வார்கள். தங்கமான பையன். வாயைத் திறந்து நாலு வார்த்தை பேச மாட்டார். பேசினால் அதில் மூன்று வார்த்தை எனக்குப் புரியாது.

அந்தப் பட்டறை முதலாளி வயதாகிவிட்டது என்று பட்டறையை மூடப்போவதாகச் சொல்லிவிட்டார். சேகருக்கு ஒரு ஆசை. சொந்தமாக ஒரு ஷெட் பிடித்து, தொழிற்சாலைக்குச் செய்த அதே பெட்டிகளை வீடுகளுக்குச் செய்ய வேண்டும். ஆனால் முதல் ஆர்டர் யார் கொடுப்பார்கள்? அதற்குள் ஷார்ஜாவிலிருந்து ஒரு வேலைக்கு விசாவும் வந்துவிட்டது. தனியாகத்தான் போக வேண்டும். எப்போது திரும்பி வருவார் என்று சொல்ல முடியாது. வள்ளி வெளியே ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் சமையலறையில் அவள் உப்புப் போட்ட லட்சணத்தை வைத்தே என் மனைவி கோமதி எல்லாவற்றையும் தெரிந்துகொண்டாள்.

"பொண்ணு ரெண்டு வாட்டி உப்புப் போடுறா. ராத்திரி தூங்கலைன்னு அர்த்தம்" என்றாள் என்னிடம்.

அந்தச் சமயத்தில்தான் தண்டபாணி வந்தார். பெசன்ட் நகரில் கடற்கரையை ஒட்டி அடுக்குமாடி கட்டிக்கொண்டிருந்த பில்டர். நல்ல மனிதர், ஆனால் எதையும் கண்ணால் பார்த்தால்தான் நம்புவார். சேகரிடம் அவர் சொன்னது இதுதான்: "தம்பி, பேப்பர்ல படம் போட்டுக் காட்டாத. ஒரு வீட்ல ஓடுறதைக் காட்டு. ஓடுச்சுன்னா என் பில்டிங்குக்கு நீதான் செய்யறே. ஓடலைன்னா பேசாம பிளேன் ஏறு."

சேகர் இதைச் சொல்லி முடிக்கவில்லை. "என் வீடு இருக்கு மாப்பிள்ளை!" என்றேன். கர்ணன் கவசத்தை அறுத்துக் கொடுத்தபோதுகூட அவ்வளவு வேகமாகக் கொடுத்திருக்க மாட்டான்.

பழைய கம்ப்யூட்டர் ஒன்று எங்கள் ஹாலுக்கு வந்து சேர்ந்தது. அதிலிருந்து வயர்கள் கிளம்பி நான்கு பெட்டிகளுக்குப் போயின. ஹால் விளக்குக்கு ஒரு பெட்டி. உள் அறையில் வைத்திருந்த கொலுவின் சீரியல் விளக்குக்கு ஒன்று. திருடன் வந்தால் அலறும் சைரனுக்கு ஒன்று. கொல்லையில் தரைத் தொட்டியிலிருந்து மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாருக்கு ஒன்று. கம்ப்யூட்டர் திரையில் நான்கு கட்டங்கள். எந்தக் கட்டத்தை அமுக்குகிறோமோ அந்தப் பொருள் வேலை செய்யும். இன்றைக்குக் கையில் இருக்கிற போனிலேயே பேரப்பிள்ளைகள் இதைச் செய்கிறார்கள். அன்றைக்கு எங்கள் சந்தில் டெலிபோன் இருந்த வீடுகளையே விரல் விட்டு எண்ணிவிடலாம்.

கோமதிக்குத்தான் பிடிபடவில்லை. "எல்லா லைட்டுக்கும் சுவத்துல சுவிட்ச் இருக்கு. எந்திரிச்சுப் போய்ப் போட முடியாதா?"

"கோமதி, இது விஞ்ஞானம்."

"அப்ப அந்த விஞ்ஞானத்தைக் கொஞ்சம் பரண்ல ஒட்டடை அடிக்கச் சொல்லுங்க."

என் பெருமை அடங்குமா? வருகிறவர் போகிறவரையெல்லாம் பிடித்து உட்காரவைத்து அமுக்கிக் காட்டினேன். பால்காரர் பார்த்தார். கோயில் குருக்கள் பார்த்தார். கீரைக்காரம்மாவைக் கூடையோடு உள்ளே கூப்பிட்டு ஹால் விளக்கை ஏற்றிக் காட்டினேன். அந்தம்மா விளக்கைப் பார்த்தது, என்னைப் பார்த்தது.

"இன்னா சாமி, கையால போட்டாலும் அதே லைட்டுதானே எரிது?"

(அந்த வாரம் அவளிடம் கீரை வாங்கவில்லை.)

சேகர் என்னிடம் இதன் சூட்சுமத்தையும் விளக்கினார். "மாமா, ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு நம்பர் வேணும். ஐ.பி. முகவரின்னு பேரு. கம்ப்யூட்டர் அந்த நம்பருக்குத்தான் உத்தரவு அனுப்பும். நம்பரை யார் கொடுக்கறாங்கன்னா, கம்ப்யூட்டரே தானா கொடுத்துடும். நாம ஒண்ணும் பண்ண வேணாம். ஆட்டோமேட்டிக்."

"எப்படிக் கொடுக்கும்?"

"டாக்டர்கிட்ட டோக்கன் வாங்கற மாதிரி. எந்தப் பெட்டி முதல்ல உயிரோட வந்து கேக்குதோ அதுக்கு முதல் நம்பர். அடுத்து வந்ததுக்கு அடுத்தது."

அவர் மாட்டிய வரிசையில் ஹால் விளக்கு முதல் டோக்கன், கொலு விளக்கு இரண்டாவது, சைரன் மூன்றாவது, மோட்டார் நான்காவது. திரையில் இருந்த கட்டங்களும் அதே வரிசைக்குத்தான் கட்டளை அனுப்பும். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கேட்காமலே கொடுக்கிற தெய்வம் மாதிரி அல்லவா இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். தெய்வம் டோக்கன் பார்த்துக் கொடுப்பதில்லை என்பது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

தண்டபாணி விஜயதசமி அன்று வருவதாக முடிவாயிற்று. நான்தான் அந்த நாளைச் சொன்னேன். எதை ஆரம்பித்தாலும் அன்றைக்கு ஆரம்பித்தால் ஜெயம். முந்தின நாள் ஆயுத பூஜை. சேகர் பட்டறையின் கடைசி பூஜைக்காக ஈக்காட்டுத்தாங்கல் போனார். ராத்திரி அங்கேயே தங்கி மறுநாள் காலையில் வருவதாக ஏற்பாடு. போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"மாமா, எல்லாம் ஓடிக்கிட்டே இருக்கட்டும். எதையும் தொடாதீங்க."

"நீங்க நிம்மதியாப் போய்ட்டு வாங்க மாப்பிள்ளை. நான் பாத்துக்கறேன்."

நான் பார்த்துக்கொண்டதுதான் இந்தக் கட்டுரை.

ஆயுத பூஜை அன்று எங்கள் வீட்டில் என்ன வழக்கம் தெரியுமா? வருடம் பூராவும் நமக்காக உழைத்த கருவிகளுக்கு அன்றைக்கு ஓய்வு. கடையில் தராசுக்குப் பொட்டு வைத்துவிட்டால் மறுநாள் மறுபூஜை முடியும்வரை அதில் ஒரு கரண்டியைக்கூட நிறுக்க மாட்டேன். வீட்டில் அரிவாள்மனை, கத்தரிக்கோல், மிக்ஸி, என் சைக்கிள் எல்லாம் வரிசையாக அம்பாளுக்கு முன்னால் போய்விடும். கோமதி அன்றைக்குத் துவையலை அம்மியில் அரைப்பாள். (அம்மியும் கருவிதானே என்று ஒரு தடவை கேட்டேன். "அப்ப நீங்க ஒரு வேளை பட்டினி கிடங்க, உங்க வயித்துக்கும் ஓய்வு" என்றாள். அதன்பின் அம்மி பேச்சை எடுப்பதில்லை.)

எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று. திரும்பிப் பார்க்கிறேன், ஹாலில் கம்ப்யூட்டர் உட்கார்ந்துகொண்டு உர்ரென்று ஓடிக்கொண்டிருக்கிறது. நான்கு பெட்டிகளிலும் சின்னச் சின்னப் பச்சை விளக்குகள் கண் சிமிட்டுகின்றன. எனக்கு மனசு கேட்கவில்லை. என் மகளின் வாழ்க்கையே இந்தக் கருவிகளை நம்பியிருக்கிறது. இவற்றுக்கு மட்டும் ஓய்வில்லையா? மிக்ஸிக்குக் கொடுக்கிற மரியாதை கம்ப்யூட்டருக்குக் கிடையாதா?

வள்ளி பயந்தாள். "அப்பா, அவர் தொட வேணாம்னு சொன்னாரே."

"தொடலைம்மா. அணைக்கத்தான் போறேன்."

அணைத்தேன். ஒவ்வொன்றையும் பக்தியோடு அணைத்தேன். கம்ப்யூட்டரின் நெற்றி என்று எனக்குத் தோன்றிய இடத்தில் சந்தனம் வைத்தேன். பெட்டிகளுக்கு ஒவ்வொரு முழம் பூ. சைரனுக்கு மட்டும் குங்குமம் ஒட்டவில்லை, எச்சில் தொடக்கூடாது என்பதால் பன்னீர் தொட்டு ஒட்டவைத்தேன். பொரி, கடலை, நாட்டுச் சர்க்கரை நைவேத்தியம். மனசு நிறைந்துவிட்டது.

மறுநாள் காலையில் குளித்து, மறுபூஜை முடித்து, எல்லாவற்றையும் திரும்ப ஓடவிட்டேன். அதையும் முறையாகத்தான் செய்தேன் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். முதலில் கம்ப்யூட்டர். அது நீலத் திரையில் எதையோ எண்ணிக்கொண்டே இருந்தது. ஜபம் பண்ணுகிறது என்று நினைத்துக் காத்திருந்தேன். (சரியாக அணைக்காமல் பிளக்கைப் பிடுங்கியதால் வந்த வினை என்று பின்னால் சேகர் சொன்னார்.) அப்புறம் பெட்டிகள். எதை முதலில் போடுவது? இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அம்பாள் இருக்கிற இடம்தான் முதல். கொலு விளக்குப் பெட்டிக்குக் கற்பூரம் காட்டிப் போட்டேன். அடுத்து தண்ணீர், கங்கா மாதா. மோட்டார் பெட்டியைப் போட்டேன். மூன்றாவதாக வீட்டுக்கு வெளிச்சம், ஹால் விளக்கு. திருடனை விரட்டுகிற சைரன் கடைசியில். மனிதன் என்றால் ஒரு வரிசை வேண்டாமா?

சேகர் மாட்டிய வரிசை வேறு, நான் ஏற்றிய வரிசை வேறு. டோக்கன் எல்லாம் மாறிப்போய்விட்டது. ஹால் விளக்குக்குப் போகவேண்டிய உத்தரவு இனிமேல் கொலுவுக்குப் போகும். கொலுவுக்குப் போகவேண்டியது மோட்டாருக்குப் போகும். இது எனக்குத் தெரியாது. பச்சை விளக்குகள் முன்போலவே கண் சிமிட்டின. நானும் அவற்றைப் பார்த்துச் சிரித்தேன். போதாக்குறைக்கு, வருகிறவர் முன்னால் எல்லாம் நிறைவாக இருக்கட்டும் என்று பழைய சுவிட்சைப் போட்டு மாடித் தொட்டியை விளிம்புவரை நிரப்பியும் வைத்தேன்.

ராகு காலம் வருவதற்குள் காட்டிவிட வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்லியிருந்ததால் தண்டபாணி பட்டறைக்கே போய், சேகரைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு சீக்கிரமே வந்துவிட்டார். சேகர் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கக்கூட நேரமில்லை. கம்ப்யூட்டரில் சந்தனத்தைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஏதோ ஓடியது. ஆனால் விருந்தாளி முன்னால் என்ன கேட்பார்? நான் டேப் ரிக்கார்டரில் நாதஸ்வரத்தை உரக்க வைத்திருந்தேன், மங்களமாக இருக்கட்டும் என்று.

"பார்க்கலாமா தம்பி?" என்று தண்டபாணி நாற்காலியில் சாய்ந்தார்.

சேகர் ஹால் விளக்கு என்ற கட்டத்தை அமுக்கினார். ஹால் விளக்கு எரியவில்லை.

மறுபடி அமுக்கினார். எரியவில்லை. நாலைந்து தடவை அமுக்கினார். உள் அறையிலிருந்து கோமதியின் குரல் தழுதழுத்துக்கொண்டு வந்தது:

"என்னங்க! இங்க வந்து பாருங்களேன்! அம்பாளுக்கு லைட்டு தானா எரியுது, தானா அணையுது! தாயே, வந்துட்டியா!"

நான் அந்த இடத்திலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டேன். தண்டபாணியும் மரியாதைக்காகப் போட்டுக்கொண்டார். சேகர் மட்டும் போட்டுக்கொள்ளவில்லை. அவர் நெற்றியில் வியர்வை.

"சார், ஒரு நிமிஷம். அடுத்ததைக் காட்டறேன்" என்று கொலு விளக்குக் கட்டத்தை அமுக்கினார். ஹாலில் ஒன்றும் நடக்கவில்லை. உள்ளேயும் ஒன்றும் நடக்கவில்லை. கொல்லையில் மோட்டார் ஓட ஆரம்பித்தது. நாதஸ்வரச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை. ஏற்கெனவே விளிம்புவரை நிறைந்திருந்த தொட்டிக்கு மேலும் மேலும் தண்ணீர் ஏறியது.

"தம்பி, ஏதாவது ஒண்ணு ஓடுமா?" என்றார் தண்டபாணி. குரலில் கோபம் இல்லை. வள்ளி சமையலறை நிலைப்படியில் நின்று தாலியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஷார்ஜா விமானம் தலைக்கு மேலே பறப்பது மாதிரி இருந்தது.

சேகர் மோட்டார் கட்டத்தை அமுக்கினார்.

சைரன் அலறியது.

அந்தச் சத்தத்தை எழுத்தில் எழுத முடியாது. தொழிற்சாலையில் ஷிப்ட் முடிவதற்கு வைக்கிற சைரன் அது. எங்கள் ஹாலுக்கு அந்தச் சத்தம் பத்து மடங்கு பெரியது. கொலுப்படியில் தசாவதாரத்தில் ஒருவர் கவிழ்ந்தார். (வாமனர். நல்லவேளை, உயரம் கம்மி.) சேகர் பதறிப்போய்ச் சைரன் கட்டத்தை அமுக்கி அமுக்கி நிறுத்தப் பார்த்தார். அவர் அமுக்க அமுக்க ஹால் விளக்கு எரிந்து அணைந்தது.

"இதோ எரியுதே! எரியுதே மாப்பிள்ளை!" என்று நான் கத்தினேன், ஏதோ ஒன்றாவது வேலை செய்கிறதே என்ற சந்தோஷத்தில். அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

எதிர் வீட்டு மாமி வாசலுக்கு வந்து உள்ளே திரும்பிக் கத்தினார்: "ஏன்னா, எதிராத்துல சங்கு ஊதறதே! நல்ல நாளும் அதுவுமா யாரு போய்ட்டா? இப்பத்தானே அந்த மனுஷர் குளிச்சுட்டுப் போனார்!"

தெருவே வாசலில் கூடிவிட்டது. தண்டபாணி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சத்தம் தாங்காமல் வாசலுக்கு ஓடினார். மாடித் தொட்டியிலிருந்து வழிகிற தண்ணீர் வெளியேறும் குழாய் எங்கள் வாசலுக்கு நேர் மேலேதான் இருக்கிறது. அவர் அதற்கு அடியில் போய் நின்றதும் மேலிருந்து கங்கா மாதா இறங்கினாள். சொட்டுச் சொட்டாக இல்லை, ஒரே தாரையாக.

கார் பக்கத்தில் நின்ற டிரைவர் ஏழுமலை வாயைப் பிளந்தார். "இன்னாபா இது! வானம் பளபளன்னு கீது, எங்க மொதலாளி மேல மட்டும் மய பெஞ்சிக்கினு கீது!"

அடுத்து நடந்ததை மெட்ராஸ்காரர்கள் மட்டும்தான் சட்டென்று நம்புவார்கள். சைரன் கேட்டு உதவிக்கு ஓடிவந்த அத்தனை பேரும் தண்ணீரைப் பார்த்ததும் திரும்பி ஓடினார்கள். குடம் எடுத்து வர. லாரித் தண்ணீருக்கு வரிசையில் நிற்கிற ஊரில், குழாயிலிருந்து சும்மா கொட்டுகிற தண்ணீரை யார் விடுவார்கள்? பச்சைக் குடம், சிவப்புக் குடம், நீலக் குடம் எல்லாம் வந்து வரிசை கட்டின. நடுவில் தண்டபாணி நனைந்துகொண்டு நிற்கிறார். ஒரு அம்மாள் அவரைத் தோளில் தட்டி, "கொஞ்சம் தள்ளிக்கோ நைனா, தண்ணி கொடத்துல உயலை" என்றாள்.

நான் ஓடிப்போய் மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தேன். சைரன் நின்றது. மோட்டார் நின்றது. நாதஸ்வரம் ராகத்தின் நடுவில் நின்றது. ஊரே நிசப்தம். குடம் பாதி நிறைந்தவர்கள் மட்டும் என்னைத் திட்டினார்கள்.

சேகர் மெதுவாகக் கேட்டார். "மாமா, நேத்து எதையாவது அணைச்சீங்களா?"

"ஆயுத பூஜை மாப்பிள்ளை..."

"எல்லாத்தையுமா?" என்றார். தலையாட்டினேன். "திரும்பப் போடும்போது எதை முதல்ல போட்டீங்க?" அம்பாளை, என்றேன். அவர் தலையில் கையை வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. வள்ளி உள்ளே போய்விட்டாள். பாத்திரம் கழுவுகிற சத்தம் மட்டும் கேட்டது. கழுவப் பாத்திரம் எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

தண்டபாணிக்குத் துண்டும் என் புது வேட்டியும் கொடுத்தோம். கோமதி சூடாகக் காபி கொண்டுவந்து வைத்தாள். அவர் தலையைத் துவட்டிக்கொண்டு காபியைக் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். போய்விடப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"தம்பி, ஒண்ணு கேக்கறேன். இவரு பூஜைக்கு அணைச்சாரு, சரி. கரன்ட்டு போய் வந்தா என்ன ஆகும்?"

சேகர் நிமிர்ந்தார்.

"என் பில்டிங் கடல் ஓரம். காத்து கொஞ்சம் பலமா அடிச்சாலே கரன்ட்டு போயிரும். போய் வந்தா எந்தப் பெட்டி முதல்ல முழிச்சுக்கும், யாருக்குத் தெரியும்? அப்பல்லாம் இதே கூத்துதானா?"

சேகர் நான்கு பெட்டிகளையும் ஒருமுறை பார்த்தார். பிறகு, "ஆமா சார். இதே கூத்துதான்" என்றார். "ஆட்டோமேட்டிக்னா வசதின்னு விட்டுட்டேன். இந்த வீட்ல கரன்ட் போகாத நாளாப் பாத்துப் பாத்து ஓட்டினதால எனக்குத் தெரியலை."

பொய் சொல்லிச் சமாளித்திருக்கலாம். மாமனார் மேல் பழியைப் போட்டிருக்கலாம், அதற்கு நான் தயாராகத்தான் நின்றேன். என் மாப்பிள்ளை இரண்டையும் செய்யவில்லை. அந்த நிமிஷம் எனக்கு வந்த பெருமையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

தண்டபாணி வேட்டியை இறுக்கிக் கட்டினார். "எதுக்கு டோக்கன்? என் பில்டிங்ல வாசல்ல நம்பர் பலகை அடிச்சிருக்கேன். மூணாம் நம்பர் வீட்டுக்காரன் ஊருக்குப் போய் ஒரு மாசம் கழிச்சு வந்தாலும் அது மூணாம் நம்பர்தான். பக்கத்து வீட்டுக்காரன் முந்தி வந்துட்டான்னு நம்பரைத் தூக்கிக் கொடுப்பேனா? அந்த மாதிரி பெட்டிக்கு நிலையா ஒரு நம்பர் கொடுக்க முடியாதா?"

"முடியும் சார். கையால போடணும். ஒவ்வொரு பெட்டியா."

"போடு. நான் இருக்கேன். என் சட்டை காயணும்ல?"

மெயினைத் திரும்பப் போட்டுவிட்டுச் சேகர் உட்கார்ந்தார். ஒவ்வொரு பெட்டிக்கும் அதற்கென்று ஒரு நம்பரை எழுதி, யார் முந்தி வந்தாலும் அது மாறாதபடி செய்தார். கம்ப்யூட்டர் டோக்கன் கொடுக்கிற வழக்கத்தையே நிறுத்தினார். வள்ளி பாத்திரம் கழுவுவதை விட்டுவிட்டு வந்து அவர் பக்கத்தில் நின்று வயர்களை எடுத்துக் கொடுத்தாள். ராகு காலம் வந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். கோமதி என்னைப் பார்த்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

முடிந்ததும் சேகர் எழுந்தார். "காட்டலாமா சார்?"

"நீ காட்டாத" என்றார் தண்டபாணி. என் பக்கம் திரும்பினார். "ஐயா, நீங்க போங்க. நேத்து எப்படி அணைச்சீங்களோ அப்படி அணைங்க. அப்புறம் உங்க மனசுக்கு எந்த வரிசை தோணுதோ அந்த வரிசையில போடுங்க. பூஜை பண்றதுன்னா பூஜையும் பண்ணிக்குங்க."

எல்லாவற்றையும் அணைத்தேன். கண்ணை மூடி அம்பாளை நினைத்தேன். "தாயே, காலையில உனக்கு முதல் மரியாதை கொடுத்ததுக்குத்தான் இவ்வளவும் நடந்தது. இப்ப நான் யாருக்கு முதல் மரியாதை கொடுத்தாலும் சரி, அந்தப் பிள்ளை பிளேன் ஏறக்கூடாது" என்று வேண்டிக்கொண்டேன். பிறகு தலைகீழாகப் போட்டேன். சைரன் முதலில், அம்பாள் கடைசியில். என் ஜன்மத்தில் அப்படி ஒரு வரிசையில் நான் எதையும் செய்ததில்லை.

சேகர் ஹால் விளக்குக் கட்டத்தை அமுக்கினார்.

ஹால் விளக்கு எரிந்தது.

நான் சாமி ஊர்வலம் பார்த்தவன் மாதிரி கைகளைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டேன். வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஏழுமலை, "சூப்பர் தலைவா!" என்று கை தட்டினார். கொலு விளக்கு எரிந்தது. மோட்டார் ஓடியது, சொன்னதும் நின்றது. சைரனை மட்டும் காட்ட வேண்டாம் என்று தண்டபாணி இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்.

அவர் தன் அடுக்குமாடிக்கு விளக்குப் பெட்டி கேட்கவில்லை. "லைட்டுக்குச் சுவிட்ச் இருக்கு தம்பி" என்றார். (கோமதி என்னைப் பார்த்த பார்வை!) ஆனால் தான் கட்டுகிற ஒவ்வொரு கட்டிடத்துக்கும் மோட்டார் பெட்டி கேட்டார். தொட்டி நிறைந்தால் தானே நிறுத்துகிற மாதிரியும் செய்து தரச் சொன்னார். "நனைஞ்சவனுக்குத்தான் அதோட அருமை தெரியும்" என்றார். ஷார்ஜா விசா காலாவதியாகி எங்கோ போயிற்று. சேகர் ஈக்காட்டுத்தாங்கலிலேயே ஒரு ஷெட் எடுத்தார். இன்றைக்கு அந்த ஷெட் மூன்று மாடிக் கட்டிடம். தண்டபாணி தன் கடைசி நாள்வரை என் வேட்டியைத் திருப்பித் தரவில்லை. ராசியான வேட்டி என்று சொல்லி வைத்துக்கொண்டார்.

எனக்கும் அதன்பின் இந்த விஷயத்தில் ஒரு ஞானம் வந்துவிட்டது. இப்போது வீட்டில் வயர் இல்லாமலே எல்லாம் ஓடுகிறது. கேமரா, கதவு மணி, விளக்கு, அந்தப் பழைய மோட்டாரின் வாரிசு. உத்தரவு கேட்டு நடக்கவேண்டியவற்றுக்கு நிலையான முகவரியை நானே ஒதுக்கிவிடுகிறேன். பேரன்களும் அவர்களுடைய சிநேகிதர்களும் கொண்டுவருகிற போன்களுக்கு டோக்கன் முறையே போதும். வருவார்கள், போவார்கள், அவர்களுக்கு எந்த நம்பர் கிடைத்தால் என்ன? இதை வேலைக்கு வந்த ஒரு இன்ஜினியருக்கு நான் சொன்னபோது, "சார் எங்க படிச்சீங்க?" என்று கேட்டார். ஒன்பதாம் வகுப்பு என்று சொல்லாமல், "மயிலாப்பூர்ல" என்றேன்.

சேகரின் கம்பெனியில் எந்தப் பெட்டி தயாரானாலும் வெளியே போவதற்கு முன் ஒரு பரீட்சை உண்டு. எல்லாவற்றையும் மொத்தமாக அணைத்து, தோன்றின வரிசையில் மறுபடி போட்டுப் பார்ப்பார்கள். அதற்குப் பெயர் 'மாமா பூஜை'. புதிதாகச் சேர்கிற பிள்ளைகள் பெயருக்குக் காரணம் தெரியாமலே, "மாமா பூஜை முடிஞ்சுதா? பாஸா?" என்று மும்முரமாகக் கேட்பார்கள். ஆயுத பூஜை மறுநாள் காலையில் வள்ளி எங்கிருந்தாலும் போன் பண்ணி, ஹலோகூடச் சொல்லாமல், "அப்பா, எந்த வரிசையில போட்டீங்க?" என்பாள். நானும் சளைக்காமல், "அம்பாள்தாம்மா முதல்ல" என்பேன். இப்போது அதனால் ஒரு கெடுதலும் வருவதில்லை.

ஒரு விண்ணப்பத்தோடு முடிக்கிறேன். இந்தக் கதை ஊரெல்லாம் சுற்றிவருகிறது. என் மச்சினர் சொல்லும்போது தண்டபாணி தரைத் தொட்டிக்குள் விழுந்துவிடுகிறார். எதிர் வீட்டு மாமி சொல்லும்போது தீயணைப்பு வண்டி வருகிறது. கல்யாண வீட்டில் ஒருவர் என்னிடமே, நான் சைரனுக்குத் தேங்காய் உடைத்ததாகச் சொல்லிச் சிரித்தார். நீங்களும் நாலு பேரிடம் தாராளமாகச் சொல்லுங்கள், ஆனால் நான் எழுதியபடியே சொல்லுங்கள். எல்லோரும் தண்டபாணி நனைந்ததோடு சிரித்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். அங்கே நிறுத்தாதீர்கள். என் மாப்பிள்ளை "ஆமா சார்" என்று ஒப்புக்கொண்டதையும், அதன்பின் ஹால் விளக்கு எரிந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.